கேட்ட பிறகு நடந்த தூரம்

மாடிப்படியில் கேட்ட காலடிச் சத்தத்திலேயே வக்கீலம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, கொடுத்த வாக்கிலிருந்து கழன்றுகொள்ள இன்னொருவர் வருகிறார் என்று. அப்படி வருகிறவர்கள் பாதிப் படியில் ஒருமுறை நின்று, தாங்கள் சொல்லப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற உதவி கேட்டு இத்தனை வருடத்தில் ஒரு ஆள்கூட அந்தப் படியில் ஏறியதில்லை.

நீதிமன்றத்துக்குப் போவதை அவர் நிறுத்தியாகிவிட்டது. முழங்கால் வலி ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒப்பந்தங்கள் எழுதிக்கொடுத்தார். கூடவே தம்பி இருந்தார். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் கார்டுதான். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளியவர். என்றைக்காவது ஒரு கொலை வழக்கு இந்தப் படியேறி வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது கொலை அல்ல. மரச்சாமான் பட்டறையின் முதலாளி. கனத்த மனிதர். புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"ஒரு பேப்பர் எழுதணும்மா. சின்ன விஷயம்தான்."

"சின்ன விஷயத்துக்கு யாரும் இத்தனை படி ஏற மாட்டாங்க. உக்காந்து சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

முதலாளி சொன்னார். அவருடைய அம்மாவுக்குச் சில வருடங்களாக நினைவு தடுமாறுகிறது. போன வாரம் ஒரு நாள் காலையில் யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்.

"அவங்க செருப்பு வாசல்லயே கிடந்திருக்கு. அதனால உள்ளதான் இருக்காங்கன்னு என் சம்சாரம் நினைச்சுட்டா. அப்புறம் பார்த்தா ஆளைக் காணோம். பட்டறைக்குப் போன் பண்ணினா. மேஸ்திரிதான் எடுத்தான். எடுத்தவன் என்கிட்ட வந்து மெதுவாச் சொல்லக்கூடாதா? 'அம்மாவைக் காணோமாம்'னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்தினான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மெஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் கூடினதும் பலகை அடுக்கு மேல ஏறி நின்னு..." என்று நிறுத்தினார்.

"ஏறி நின்னு?"

"எங்கம்மாவைக் கொண்டாந்து இந்தப் பட்டறையில என் முன்னாடி யார் நிறுத்துறாங்களோ, அவங்க குடும்பம் பட்டறைப் பின்கட்டு வீட்டில ஆயுசுக்கும் வாடகையில்லாம இருந்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

கார்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதைக் கேட்டு யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"சிரிக்கிறதா? உளியைப் போட்ட இடத்துல போட்டுட்டு எல்லாரும் ஓடினாங்க."

"அப்போ விளையாட்டுப் பேச்சா யாரும் எடுத்துக்கல. சரி, மேல சொல்லுங்க."

"உடனே என் சம்சாரத்துக்குப் போன் பண்ணி, இன்ன மாதிரி அறிவிச்சிருக்கேன், பயப்படாதேன்னு சொன்னேன். அவ ஒரு வார்த்தை பேசல. அவளும் தேடக் கிளம்பிட்டா. மத்தியானம் பாலீஷ்காரன் அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்தினான்."

"அப்போ வீடு அவருக்கு."

"அங்கதாம்மா விஷயமே. நான் அறிவிச்சப்போ அவன் பட்டறையிலயே இல்ல. டீ குடிக்கப் போயிருக்கான். வழியில தற்செயலா பார்த்துக் கூட்டிட்டு வந்திருக்கான். நான் கட்டிவிட்ட கதை இல்ல, அவனே சொல்றான். ஆனா அவன் பொண்டாட்டி விடமாட்டேங்கிறா. அவங்க இருக்கிற வீட்டை இடிக்கப் போறாங்களாம், மாசக் கடைசியில காலி பண்ணணுமாம். தினம் பட்டறை வாசல்ல வந்து நிக்கிறா. ஒரு வாக்கைப் பத்தித் தெரியாமலே செஞ்சா அது ஒப்பந்தம் ஆகாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"நிஜம்தான். ஒருத்தர் ஒண்ணைச் சொல்லணும். இன்னொருத்தர் அதைத் தெரிஞ்சு ஏத்துக்கணும். காதுல விழாத கேள்விக்கு யாரும் பதில் சொல்லிட முடியாது."

முதலாளியின் முகம் தெளிந்தது. "அதைத்தான் எழுதித் தரணும். அவனுக்குத் தெரியாதுன்னு அவன் கையெழுத்தோட. அப்புறம் அந்தப் பொம்பளை பேச முடியாது பாருங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை துடைத்தாலும் எதிரே இருந்தவர் அப்படியேதான் தெரிந்தார்.

"எழுதலாம். ஆனா அது உண்மையான்னு முதல்ல பார்ப்பேன். பொய்யை எழுதித் தர்றதுக்குக் கீழ்த்தெருவுல ஆளுங்க இருக்காங்க. அவங்ககிட்ட செலவும் கம்மி."

"தாராளமாப் பாருங்க. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்," என்று எழுந்தார் முதலாளி.

அவர் படி இறங்கியதும் கார்டு சொன்னார்: "அக்கா, எனக்கு என்ன தோணுது தெரியுமா? பாலீஷ்காரனே கிழவியைக் கடத்தி ஒளிச்சு வச்சிருக்கான். அறிவிப்பு வந்ததும் கொண்டாந்து நிறுத்திட்டான்."

"காணாமப் போன பிறகுதானேடா அறிவிச்சார். இப்படி ஒரு வீட்டைத் தூக்கிக் குடுப்பார்னு அவன் எப்படிக் கண்டான்? அவர் குடுக்கமாட்டார்னுதான் ஊருக்கே தெரியும்."

"அதுவும் சரிதான்," என்று ஒத்துக்கொண்ட கார்டு செருப்பைத் தேடிப் போனார்.

*

பட்டறை ஊரின் வடகோடியில், சரக்கு ரயில் யார்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அறுத்த மரத்தின் பச்சை வாசனையும் அதற்கு மேலே பாலீஷில் கலக்கும் தின்னரின் காரமும் மூக்கில் ஏறின. பாதி முடிந்த கட்டில்களும், கதவில்லாத அலமாரிகளும், இன்னும் கால் வைக்காத மேசைகளும் வரிசையாக நின்றன. யாரோ குடிவரப்போகும் வீடுகள் துண்டு துண்டாகக் காத்திருப்பதுபோல வக்கீலம்மாவுக்குத் தோன்றியது.

இருவரையும் மேஸ்திரி பாலீஷ் அறைக்குக் கூட்டிப்போனார். சின்ன அறை. ஒரு சுவரில் காற்றாடி, ஒரு சுவரில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஆபீஸ் போன்.

"அன்னைக்கு அவர் இங்கதான் வேலை பார்த்தாரா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"இங்கதாம்மா. எப்போ போனாருன்னு யாரும் பார்க்கல. அறிவிச்சப்போ வந்து பார்த்தேன், ஆள் இல்ல. கன் மட்டும் ஸ்டூல் மேல கிடந்துச்சு."

"கன்னா?" என்று கார்டு நிமிர்ந்தார்.

"ஸ்பிரே கன் சார். பாலீஷ் அடிக்கிறது."

கார்டு மறுபடி தளர்ந்தார்.

"அந்தக் கன் போனது போனதுதான்," என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டார். "உள்ளே இருந்த பாலீஷ் காய்ஞ்சு இறுகிடுச்சு. அந்த மனுஷன் ஒரு நிமிஷம் வெளிய போனாலும் தின்னர் ஊத்திக் கழுவாம போகமாட்டார். அன்னைக்கு என்ன வந்துச்சோ. இந்தக் கதவைப் பாருங்க."

சுவரோரம் ஓர் அலமாரிக் கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேல் பாதி கண்ணாடிபோல் பளபளத்தது. கீழ் பாதி வெறும் மரம். இரண்டுக்கும் நடுவே தடித்த ஒரு கோடு விழுந்திருந்தது.

"அடிக்க ஆரம்பிச்சா ஈரம் காயறதுக்குள்ள முழுசும் அடிச்சு முடிச்சிடணும். நடுவுல நிறுத்தினா இப்படித்தான் கோடு விழும். இனிமே இதை முழுக்கச் சுரண்டித்தான் எடுக்கணும்."

கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு சட்டை தொங்கியது.

"வேலை செய்யும்போது சட்டையை இங்க மாட்டிடுவாரா?"

"ஆமா. பர்ஸ், போன் எல்லாம் அதுலதான். தின்னர் பக்கத்துல போன் வச்சுக்கமாட்டார். அன்னைக்கும் சட்டை இங்கயே தொங்கிச்சு. போன் அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு."

கார்டின் முகம் மலர்ந்தது. "அக்கா, பர்ஸ் இங்க தொங்குது. எந்தக் கடைக்காரன் சும்மா டீ குடுப்பான்?"

"நல்லா கேட்டே," என்றார் வக்கீலம்மா. பிறகு மேஸ்திரியிடம், "அம்மாவைக் கூட்டிட்டு வந்தப்போ நீங்க பார்த்தீங்களா?"

"நான்தாம்மா முதல்ல பார்த்தேன். பார்த்தேன்னு சொல்றதைவிடக் கேட்டேன்னு சொல்லணும். செருப்பை சரக் சரக்குன்னு இழுத்துக்கிட்டு வந்தாங்க. பாவம், கால் அசந்துபோயிருந்துச்சு."

வக்கீலம்மா அந்த ஆணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலீஷ்காரர் கொல்லைப்பக்கம் நாற்காலிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். விரல் நகங்களெல்லாம் தேக்கு நிறம். காலில் மூடிய தோல் பூட்ஸ். பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி அவர் மனைவி நின்றிருந்தாள். அன்றைய சண்டைக்கு வந்தவள்போல.

"டீ குடிக்கப் போனேம்மா. வழியில அம்மாவைப் பார்த்தேன். கூட்டிட்டு வந்தேன்," என்றார் அவர், தலை நிமிராமல்.

"எங்க பார்த்தீங்க?"

"பழைய பள்ளிக்கூடத்து வாசல்ல."

"அது ஊரோட அந்தக் கோடியாச்சே," என்று கார்டு இடைமறித்தார். "பட்டறை எதிர்லயே மூணு டீக்கடை இருக்கும்போது எதுக்கு அவ்வளவு தூரம்?"

பாலீஷ்காரர் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்து மறுபடி தேய்த்தார்.

"கேளுங்கம்மா, நல்லா கேளுங்க," என்றாள் அவர் மனைவி. "வாயில்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டேன். ரெண்டு பேர் வாயையும் நானே சுமக்கிறேன். வீடு போகப்போகுது. ரெண்டு பொட்டப்புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போறது? தெரிஞ்சுதான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யான்னு கால்ல விழாத குறையாக் கேக்கிறேன். மனுஷன் அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி நிக்கிறான்."

"தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது," என்று அவர் முணுமுணுத்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்று வக்கீலம்மா நினைத்துக்கொண்டார். லாபத்துக்காகப் பொய் சொல்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தன் கூரையைத் தானே பிரிக்கிற பொய்யைப் பார்ப்பது அபூர்வம். அப்படி ஒரு பொய்க்குப் பின்னால் வேறு யாராவது நின்றிருப்பார்கள்.

*

முதலாளியின் வீடு ஊரின் தென்கோடியில் இருந்தது. அங்கிருந்து பழைய பள்ளிக்கூடம் இரண்டே தெரு. வக்கீலம்மா முதலில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். வாசல் மரத்தடியில் ஒரு கல் மேடை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் உட்காரும் இடம். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தார். முழங்கால் வலி தொடங்குவதற்கு முன்பே வீடு வந்துவிட்டது.

கதவைத் திறந்தது முதலாளியின் மனைவி. பட்டறை ஆட்களுக்கு அவர் அண்ணி. அமைதியான முகம், அதில் தூக்கமில்லாத கண்கள். வலது பாதத்தில் கட்டுப் போட்டிருந்தார்.

"அடுப்படியில கண்ணாடி உடைஞ்சது. கூட்டும்போது குத்திடுச்சு," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

கூடத்தில் முதலாளியின் அம்மா உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டிருந்தார். நீல நிற ரப்பர் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"கழட்டச் சொன்னா கழட்ட மாட்டேங்கிறாங்க," என்றார் மருமகள்.

"இது என்னுது," என்றார் மாமியார் உறுதியாக. பிறகு கார்டைப் பார்த்து, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

கார்டு ஒரு கணம் திகைத்து, "அடிச்சாச்சும்மா. கொடியும் காட்டியாச்சு," என்றார்.

"அப்போ புள்ளை வந்திருப்பான். பசியோட வருவான். வாசல்ல ஆள் இல்லைன்னா அழுவான்."

மருமகள் குனிந்து மாமியாரின் முந்தானையைச் சரிசெய்தார். "நேரங்காலம் தெரியாம இப்படித்தான். புள்ளையைக் கூப்பிடப் போகணும்பாங்க. வருஷத்துக்கு ஒருதடவை கதவுக்குப் பாலீஷ் அடிக்க வர்றப்போ, அவர்தான் பக்கத்துல உக்காந்து பேச்சுக் கொடுத்து மறக்கடிப்பார்."

"யாரு, பாலீஷ்காரரா?"

"ம்." அவர் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வரும்போது வக்கீலம்மா வாசலைப் பார்த்தார். இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று சின்னது, பழையது. இன்னொன்று புத்தம் புதிது. விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

தெருவில் இறங்கியதும் கார்டுக்குப் பேச்சு பீறிட்டது. "அக்கா, நான் சொல்றேன் கேளு. மேஸ்திரி போனை எடுத்துக் கத்தினது ஜன்னல் வழியா அவன் காதுல விழுந்திருக்கு. கேட்டதும் பாதிக் கதவோட, சட்டைகூடப் போடாம ஓடிட்டான். அம்மா எங்க இருப்பாங்கன்னும் அவனுக்குத் தெரியும். சரியா?"

"சரி."

"ஆனா முதலாளி பலகை மேல ஏறினது அதுக்கப்புறம். அப்போ, டீ பொய்யா இருந்தாலும், வாக்கு தெரியாதுங்கிறது நிஜம். முதலாளி ஜெயிச்சார். பேப்பரை எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பார்ப்போம்." கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் குரல் தொய்ந்துவிட்டது. "என்ன அக்கா இது? வீட்டுக்காக ஓடினவன் எவனாவது கண்டுபிடிச்சிருந்தா அவனுக்கு வீடு. ஒண்ணும் எதிர்பார்க்காம முதல்ல ஓடினவனுக்கு ஒண்ணுமில்ல. இது என்ன சட்டம்?"

"சட்டம் அப்படித்தான்டா. அது பேரம் பேசினவங்களுக்காக எழுதினது. பேரமே பேசாதவனை அதுக்கு அடையாளம் தெரியாது." அவர் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆனா நீ பாதியில நிறுத்திட்டே. கிளம்பும்போது அவருக்குத் தெரியாது. முடிக்கும்போது?"

"முடிக்கும்போதா?"

"பள்ளிக்கூடத்துல இருந்து வீடு ரெண்டு தெரு. பட்டறை ஊரோட அந்தக் கோடி. கால் அசந்த ஒரு வயசான அம்மாவை, அவங்களை இவ்வளவு தெரிஞ்சவர், வீட்டை விட்டுட்டு அவ்வளவு தூரம் எதுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகணும்?"

கார்டு பள்ளிக்கூடம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு எல்லாரையும் பட்டறையில கூடச் சொல்லு. முதலாளி சம்சாரமும் வரட்டும், அம்மாவைக் கூட்டிக்கிட்டு. நீ மட்டும் வாயைத் திறக்காதே."

*

மறுநாள் உணவு இடைவேளையில் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. முதலாளி ஒரு புதுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மருமகள் பின்னால் நின்றார். பாலீஷ்காரர் அறை வாசலில் சாய்ந்திருக்க, அவர் மனைவி ஓரடி முன்னால் நின்றிருந்தாள். மேஸ்திரியும் ஆட்களும் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கீலம்மாவுக்கு நிற்க முடியவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம்போட்டுப் பேசவும் மனமில்லை. எல்லாரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

"முதலாளி என்கிட்ட ஒரு பேப்பர் கேட்டார். அதை எழுத முடியாது. ஏன்னு சொல்றேன். இந்தப் பலகை மேல ஏறி நின்னு அவர் ஒரு வாக்கு சொன்னார். இன்னாருக்குன்னு இல்ல, யார் செஞ்சாலும் அவங்களுக்குன்னு சொன்னார். அப்படிச் சொன்னா, ஏத்துக்கிறவர் வந்து சரின்னு வாயால சொல்லணும்னு அவசியமில்ல. கேட்டதைச் செஞ்சு முடிச்சா, அதுவே சரின்னு சொன்ன மாதிரி."

"தெரிஞ்சு செஞ்சாத்தானே," என்றார் முதலாளி.

"தெரிஞ்சு செஞ்சாத்தான். பாலீஷ்காரர் டீ குடிக்கப் போகல. கன்னைக் கழுவல, பாதிக் கதவுல நிறுத்திட்டார், பர்ஸ் ஆணியில தொங்கிச்சு. அம்மாவைக் காணோம்னு காதுல விழுந்ததும் ஓடியிருக்கார். உங்க வாக்கு பிறக்கிறதுக்கு முன்னாடியே ஓடியிருக்கார்."

"அப்போ நான் சொன்னதுதானே நிஜம்."

"கண்டுபிடிச்சவருக்குன்னு நீங்க சொல்லல. இங்க கொண்டாந்து உங்க முன்னாடி நிறுத்துறவருக்குன்னு சொன்னீங்க. அவர் அம்மாவைப் பார்த்தது பள்ளிக்கூட வாசல்ல. அங்கிருந்து உங்க வீடு கூப்பிடு தூரம். எந்த வாக்கும் தெரியாத மனுஷன் நேரா அங்கதான் கூட்டிட்டுப் போவான். இவர் வீட்டுப் பக்கமே போகாம, ஊரைக் கடந்து இங்க வந்திருக்கார். நடுவுல யாரோ அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. அதைக் கேட்ட பிறகு நடந்த தூரம்தான் உங்க வாக்குக்கு அவர் சொன்ன பதில்."

"நான் வீட்டுக்காக நடக்கல," என்றார் பாலீஷ்காரர் திடீரென்று. பேசிவிட்டதே அவருக்குத் திகைப்பாக இருந்ததுபோலத் தெரிந்தது. "பட்டறையில எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. நான் அம்மாவுக்காகத்தான் போனேன்."

"நீங்க எதுக்காகப் போனீங்கன்னு சட்டம் கேக்கவே கேக்காது. தெரிஞ்சிருந்துச்சா, கேட்டதைச் செஞ்சு முடிச்சீங்களா, இவ்வளவுதான் கேக்கும். மனசுக்குள்ள எட்டிப் பார்க்கிற பழக்கம் அதுக்கு இல்ல."

முதலாளி கட்டிலில் நெளிந்தார். "அது கிடக்கட்டும். ஒப்பந்தம்னா கொடுக்கல் வாங்கல் ரெண்டு பக்கமும் இருக்கணுமாமே. எனக்கு அவன் என்ன குடுத்தான்?"

"உங்க அம்மாவை."

நாற்காலியில் இருந்தவர் நீலச் செருப்புக்குள் கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பள்ளிக்கூட வாசல்ல யாருக்காக உக்காந்திருந்தாங்க தெரியுமா?" என்று வக்கீலம்மா கேட்டார். "உங்களைக் கூட்டிட்டுப் போக."

முதலாளி தரையைப் பார்த்தார். பிறகு, தோற்கிறவர்களின் பிடிவாதத்தோடு, "அன்னைக்குச் சாயங்காலமே நான் மனசை மாத்திக்கிட்டேன். மேஸ்திரிகிட்டயும் சொன்னேன்," என்றார்.

"வாக்கைத் திரும்ப வாங்கலாம், யாராவது செஞ்சு முடிக்கிறதுக்கு முன்னாடி. மத்தியானமே முடிஞ்சதைச் சாயங்காலம் வாங்க முடியாது."

"சரி, யாரோ சொன்னாங்கங்கிறீங்களே, அது யார்? அவனே தெரியாதுங்கிறான். சொன்ன ஆளைக் காட்டுங்க. நிரூபிங்க."

கார்டு முக்காலி வரை வந்துவிட்டார். வக்கீலம்மா திரும்பாமலேயே கையை நீட்டி அவரைப் பின்னால் தள்ளினார்.

"அது யாருன்னு எனக்குத் தெரியும். சொல்லணும்கிற கட்டாயம் எனக்கில்ல," என்றார். "அதைச் சொல்லக்கூடாதுன்னு ஒருத்தர் தன் வீட்டையே விட்டுக்குடுக்கத் தயாரா நிக்கிறார். அதை உடைக்க எனக்கு மனசில்ல."

பாலீஷ்காரரின் மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அதுவரை பார்த்திராத ஒருவரைப் பார்ப்பதுபோல.

"செருப்பை விட்டுட்டீங்களே," என்றார் முதலாளியின் மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே பேசினார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அத்தை வெறுங்காலோட போனாங்க. செருப்போட வந்தாங்க. பாலீஷ்காரர் பூட்ஸ் போடுறவர். அது யார் செருப்புன்னு எங்க வீட்டு மனுஷர் ஒருதடவை குனிஞ்சு பார்த்திருந்தா, உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்து வாசல்ல அவங்க ரெண்டு பேரையும் பார்த்தேன். அவர் அத்தையை வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரக் கிளம்பினார். நான்தான் வேண்டாம்னேன். வீட்டு வாசல்ல விட்டா, என் முன்னாடி நிறுத்தலையேன்னு இவர் நாளைக்கே சொல்லிடுவார், நேரா பட்டறைக்குப் போய் எல்லார் கண்ணும் பார்க்க நிறுத்துங்கன்னேன். என் செருப்பைக் கழட்டி அத்தைக்குப் போட்டுவிட்டு வெறுங்காலோட திரும்பினேன். வழியில கண்ணாடி குத்திச்சு. யார் கேட்டாலும் நான் சொன்னதா சொல்லாதீங்கன்னு முன்னாடியே அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் காப்பாத்திட்டார். நான்தான் இத்தனை நாள் பேசாம இருந்துட்டேன்."

"நீயா?" என்றார் முதலாளி. "என் வீட்டைத் தூக்கிக் குடுக்க நீ வழி சொல்லிக் குடுத்தியா?"

"நீங்கதான் குடுத்தீங்க. போன்ல என்கிட்டயும் சொன்னீங்க. நான் அதைக் கொண்டுபோய்ச் சேர வேண்டிய இடத்துல சேர்த்தேன்."

முதலாளி வக்கீலம்மாவைப் பார்த்தார். "வேற வழியே இல்லையா?"

"கோர்ட்டுக்குப் போகலாம். எதிர்த்தரப்பு முதல் சாட்சி உங்க சம்சாரம். தினம் ஒரே வீட்டுல இருந்து கிளம்பிப் போயிட்டு வரணும். ரிக்ஷா செலவு மிச்சம்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

"எனக்கு வேண்டாம் அண்ணி," என்றார் பாலீஷ்காரர். "இப்படி வர்ற வீடு எனக்கு வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம்னா வெளிய படுத்துக்கோங்க," என்றாள் அவர் மனைவி. ஆனால் வழக்கமான சூடு அதில் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் புள்ளைங்களும் உள்ள படுத்துக்கிறோம்."

முதலாளி முழங்காலில் கையூன்றி எழுந்து பின்கட்டுப் பக்கம் நடந்தார். எல்லோரும் தயங்கித் தயங்கிப் பின்னால் போனார்கள். பூட்டுத் துருப்பிடித்திருந்தது, இரண்டு முறை முறுக்கிய பிறகே திறந்தது. உள்ளே மனிதர் குடியிருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை, இரண்டு அறையிலும், விற்காமல் தங்கிப்போன தேக்குப் பலகைகள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு.

"இதையெல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கிறது," என்று முதலாளி தனக்குள் சொல்லிக்கொண்டார். அது மறுப்பா, கணக்கா என்று யாருக்கும் புரியவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மேலே இருந்த பலகையின் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினார். மறுநுனி அசையவில்லை. மூச்சு வாங்க அப்படியே நின்றார். மேஸ்திரி முன்னால் வந்தபோது, வேண்டாம் என்று தலையசைத்தார்.

பாலீஷ்காரர் வாசலில் நின்றபடி தன் நகங்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் மறுநுனியைத் தூக்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே சீராகக் கால் எடுத்து வைத்து, இருவரும் அந்தப் பலகையை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.